யோசனை சொல்ல வாங்க!

வேனின் ஓட்டுநர் இருக்கையில், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, முனைவர் சுதேஷ்ணா கூட்டத்துக்குத் தலைமை வகித்துக்கொண்டிருந்தார்.

வேன் ஓடவில்லை. அது ஓடி எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்தின் வாயை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, பிறந்ததே அங்கேதான் என்பதுபோல நின்றது. சந்திலேயே மெத்தை வைத்த ஒரே இருக்கை அதற்குள்தான் இருந்தது. அதனால் வேனின் சொந்தக்காரர் முனுசாமி தோள்துண்டால் தூசி தட்டி, "மேடம், இப்டி குந்துங்க" என்று மரியாதையாக அவரை அதில் ஏற்றிவிட்டார்.

சனங்கள் முன்னால் தரையிலும் வாசல்படிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். விரிசல் விட்ட கண்ணாடிக்குப் பின்னால் சுதேஷ்ணா தெரிந்த விதம், சமூகவியல் ஆய்வாளர் மாதிரி இல்லை. இன்னும் ஒரு நிமிடத்தில் எல்லோர் மீதும் வண்டியை ஏற்றப்போகிறவர் மாதிரி இருந்தது.

மக்கள் கூடி வாழும் இடங்களில் தங்கள் பிரச்சினையைத் தாங்களே எப்படிக் கண்டுகொள்கிறார்கள், எப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. ஆங்கிலத்தில் அவர் கேட்பதைத் தமிழில் கேட்பதும், தமிழில் அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் அவருக்குச் சொல்வதும் என் பிழைப்பு.

அன்று அவர் அந்தச் சந்தின் பிரச்சினை மேலேயே உட்கார்ந்திருந்தார். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தனித்தனியாக, ரகசியமாகத் தெரிந்திருந்தது.

(போன வாரப் பத்தியில் என்னைப் பல் மருத்துவரின் நாற்காலியில் வாய் திறந்த நிலையில் விட்டுவிட்டுப் போனீர்கள். விசாரித்த வாசகர்களுக்கு நன்றி. பல் போய்விட்டது. அதில் எழுத வேறொன்றும் இல்லை.)

நான் சமூகவியல் படித்த கதை

கல்லூரியில் என் பாடம் சமூகவியல். விரும்பி எடுத்தேன் என்று சொன்னால் அந்தக் கல்லூரி அலுவலகத்து எழுத்தர் எங்கிருந்தாலும் சிரிப்பார். வணிகவியல் நிரம்பிவிட்டது. பொருளாதாரம் நிரம்பிவிட்டது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் வரலாற்றின் கடைசி இடத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்து அனுதாபமாகச் சிரித்தான். மிச்சம் இருந்தது சமூகம்.

அப்பாவுக்கு அது என்ன படிப்பு என்று பிடிபடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "பையன் சமூகம் சம்பந்தமா படிக்கிறான்" என்று சொல்லிவைத்தார். விளைவு, எங்கள் சாதிச் சங்கத்துத் தலைவர் ஒருநாள் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்து, படிப்பு முடிந்ததும் இளைஞரணியைத் தம்பி பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

அன்றைக்கே நான் பாடம் கற்றிருக்க வேண்டும். பழத்தை மட்டும் தின்றேன்.

எத்தனையோ ஆண்டுகள் கழித்து, மயிலாடுதுறைப் பக்கத்துத் தமிழோடு பெங்களூரு வந்து, விண்ணப்பங்களையும் மாத்திரை அட்டைக் குறிப்புகளையும் தமிழாக்கி வயிறு வளர்த்துக்கொண்டிருந்தபோது, சுதேஷ்ணாவின் கேள்விகள் என்னிடம் வந்தன. முதல் கேள்வியை நான் இப்படித் தமிழாக்கினேன்: "உங்கள் சமூகத்தில் நீங்கள் காணும் முக்கியப் பிரச்சினைகள் யாவை?"

இலக்கணச் சுத்தமான வாக்கியம். அதைத் தூக்கிக்கொண்டு சந்தின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஸ்டெல்லா அக்காவின் வீடு அது. ஐம்பது வயதைத் தாண்டியவர். தள்ளுவண்டியில் இட்லிக்கடை. கேள்வியைக் கேட்டதும் கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், வந்ததும் வராததுமா சாதி கேக்கிறே?"

"ஐயோ, சாதி இல்லைம்மா. சமூகம்."

"அதான் சார். டீசன்ட்டா கேக்கிறே."

"அப்படி இல்லை..."

"எங்கப்பா கோலார் தங்கவயல்ல சுரங்கத்துல இருந்தவரு. உள்ள போயிட்டு மேல வந்தா எல்லா மூஞ்சியும் ஒரே கருப்பு. அவ்ளோதான் எங்க சமூகம். எழுதிக்கோ, போ."

அடுத்த வீட்டில் கரண்டி இல்லை. ஆனால் சந்தேகம் அதேதான். "எங்க சமூகத்துல ஒரு பிரச்சினையும் இல்லீங்க. வேணும்னா எதிர்வீட்டுல கேளுங்க." எதிர்வீட்டில் இந்த வீட்டைக் காட்டினார்கள். இப்படியே சந்து முழுக்கப் போய் வந்ததில், ஒருவருக்கும் எந்தக் குறையும் கிடையாது என்று தெரியவந்தது.

சுதேஷ்ணா முடிவுகளைப் புரட்டிப் பார்த்தார். கொல்கத்தாக்காரர். சிரிக்காமல் கிண்டல் செய்வார். "நாம் உலகத்திலேயே பிரச்சினை இல்லாத ஒரே தெருவைக் கண்டுபிடித்திருக்கிறோம். குடிவந்துவிடலாமா?" என்று கேட்டார்.

சொல் தேடல்

மறுபடி யோசித்தேன். பிரச்சினை என்ன என்று கேட்டால்தானே மறைக்கிறார்கள்? வழி என்ன என்று கேட்போம். வழியைச் சொல்லும்போது பிரச்சினை தானாக வெளியே வந்துவிடும். சுதேஷ்ணாவுக்கு இந்தத் திட்டம் பிடித்திருந்தது.

சொல்தான் கிடைக்கவில்லை. "ஆலோசனை" என்றால் வக்கீல் கட்டணம் கேட்பார் போலிருந்தது. "கருத்து" என்றால் தொலைக்காட்சியில் ஒரே நேரத்தில் நாலு பேர் கத்துவது நினைவுக்கு வந்தது. "தீர்வு" கொஞ்சம் மருந்துக்கடை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் பிடித்தேன்: "யோசனை."

என்ன ஒரு சொல்! வீட்டில் புழங்குவது. சாதி கிடையாது. "எனக்கு ஒரு யோசனை தோணுது" என்று சமையலறையில் இருந்து சட்டமன்றம் வரை யாரும் சொல்லலாம். என் முதுகை நானே தட்டிக்கொள்ள எட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஸ்ரீராம்புரம் முழுக்கச் சுற்றவைத்தோம். "சனிக்கிழமை சாயங்காலம், முனுசாமி வேன் பக்கத்தில் கூட்டம்! உங்கள் மனதில் உள்ள யோசனைகளைச் சொல்ல வாருங்கள்! உங்கள் யோசனையே எங்களுக்கு முக்கியம்!"

இந்த இடத்தில் ஒரு பழைய மனத்தாங்கலைச் சொல்லியாக வேண்டும். பெங்களூருக்கு வந்த நாள் முதல், இந்த ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்து ஒரே விஷயத்தைத்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். குழாய் ரிப்பேருக்கு வந்தவர், சுவரையே உடைத்துப் போட்டுவிட்டு, "யோசனை பண்ணாதீங்க சார்" என்றார். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டு, "நீங்க யோசனை பண்ணாதீங்க" என்றார். பல் மருத்துவர், சரியாக ஊசி இறங்கும் நேரத்தில், "யோசனையே பண்ணக் கூடாது" என்றார்.

நான் என்ன அவ்வளவு தப்பாகவா யோசிக்கிறேன்? மனைவியிடம் முறையிட்டேன். "பார்த்த உடனே கண்டுபிடிச்சிடறாங்க போலிருக்கே" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

வேனும் அதன் குடிமக்களும்

முனுசாமி அறுபதைத் தொட்டவர். ஒரு காலத்தில் அந்த வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர். ஒருநாள் வேன் சந்தின் வாயில் நின்றது. நின்றது நின்றதுதான். பிறகு சந்துக்குச் சிமென்ட் போட வந்த ஒப்பந்தக்காரர், வேனை நகர்த்துவதைவிட அதைச் சுற்றிப் போடுவது சுலபம் என்று கண்டு, நாலு சக்கரத்தையும் நாலு விரற்கடை உள்ளே வைத்துப் பூசிவிட்டுப் போனார். அதன் பிறகு அது வாகனம் இல்லை, கட்டடம்.

கட்டடம் என்றால் குடித்தனம் வரத்தானே செய்யும்? பின்சீட்டில் ஸ்டெல்லா அக்காவின் இட்லிக் குண்டான்கள். கூரையில் யாருடைய வடாமோ. கண்ணாடியில் ஒரு கட்சிக் கொடி, அதற்குப் போட்டியாக இன்னொன்று. கூரியர்க்காரர்களுக்கு முகவரி: "வேனுக்குப் பக்கத்தில்." தினமும் சாயங்காலம் முனுசாமி ஓட்டுநர் இருக்கையில் ஏறி, ஒரு மணி நேரம் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டு இறங்குவார். அந்த நேரத்தில் சந்தில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். பாவம், மனுஷன் வண்டி மேல உசிரையே வெச்சிருக்காரு என்று பேச்சு.

சந்தின் கடைசி வீட்டில் தேவகியும் அவள் கணவன் ஏழுமலையும் இருந்தார்கள்.

ஏழுமலை பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ஒரு சாலை விபத்தில் கால் நொறுங்கி, மாதக்கணக்கில் வீட்டில் கிடந்து, இப்போது ஊன்றுகோலோடு நாலு எட்டு நடக்கலாம் என்ற நிலைக்கு வந்திருந்தான். உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று, சாமான் கிடங்கில், அவனுக்காக ஒதுக்கிவைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை வந்து சேர வேண்டும். வராவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறார். பேருந்தில் ஏற முடியாது. தினமும் ஆட்டோ என்றால் சம்பளம் ஆட்டோவுக்கே போய்விடும்.

தேவகியின் தம்பி குமார் வழி கண்டுபிடித்தான். அவன் வெல்டர். கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மெஷினோடு வந்து, மாமாவின் வாசலிலேயே உட்கார்ந்து, பழைய ஸ்கூட்டர் ஒன்றின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சக்கரம் வைத்து, பெயின்ட் அடித்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டிக்கொண்டு வந்தான். வேனுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் முன்சக்கரம் போயிற்று. பின்னால் இருந்த மூன்றும் போகவில்லை.

"அளவு எடுத்தியாடா?" என்றான் ஏழுமலை.

"வண்டிய எடுத்தேன் மாமா. சந்த எடுக்கல."

வெளியே ரோட்டில் நிறுத்திவைத்தால், திருடன் எடுக்காததை டோயிங் லாரி எடுக்கும். அன்று முனுசாமி ஆனேக்கல்லில் மகள் வீட்டில் இருந்ததால் இந்தக் கூத்தைப் பார்க்கவில்லை. பார்க்காதவரை நல்லது என்று ஸ்கூட்டரைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கேட்டவர்களிடம், கால் இன்னும் செட் ஆகவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவைத்தார்கள்.

காரணம் இருந்தது. ஏழுமலை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அலைந்தது, ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தது, பெஞ்சிலேயே படுத்துக் கிடந்தது எல்லாம் முனுசாமி. அவரிடம் போய் வேனைத் தூக்கு என்று யார் சொல்வது?

அவர் மழையைச் சிபாரிசு செய்கிறார்

ஆகவே, கூட்டம். சுதேஷ்ணா ஸ்டீயரிங்கில். நான் கதவருகே, மொழிபெயர்க்கும் தோரணையில்.

எனக்கு வியப்பு. கேள்வித்தாளோடு போனபோது கதவைச் சாத்தியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முன்வரிசைப் பெரியவர் கேட்கும் முன்பே கையைத் தூக்கினார்.

"எனக்கு யோசனை எல்லாம் என் பொண்ணுதாங்க."

சுதேஷ்ணா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்ன சொல்கிறார்?"

"அவருடைய ஆலோசனை, அவருடைய மகள் என்கிறார்."

"சுவாரசியமாக இருக்கிறது. பெண்கள் தலைமை ஏற்க வேண்டும் என்கிறாரா?" என்று குறித்துக்கொண்டார்.

அடுத்தவர் எழுந்தார். "எனக்கு யோசனை மழைதான் சார்."

"இவர் மழையைச் சிபாரிசு செய்கிறார்."

"எனக்கு யோசனையே சுகருதாம்மா. முந்நூறுக்குக் கீழ எறங்க மாட்டேங்குது."

இதை மொழிபெயர்க்க நான் வாயைத் திறந்தேன். திறந்தது திறந்தபடி நின்றது. ஸ்டெல்லா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், முழிக்கிறே?" என்றார்.

"இல்லைம்மா... யோசனைன்னா நீங்க என்னன்னு..."

"யோசனைன்னா யோசனைதான். மன்சுல கெடந்து அரிச்சிக்கினே இருக்குமே, கவலை. கன்னடத்துல கூட அதானே சொல்றாங்கோ, யோச்னே மாட்பேடி, கவலப்படாதீங்கன்னு? இத்தினி வருசமா எந்த ஊர்ல இருந்தே நீ?"

குழாய்க்காரர், வீட்டுக்காரர், பல் மருத்துவர் மூவரும் வரிசையாக என் கண்முன் வந்து போனார்கள். பாவம், அத்தனை பேரும் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

சரி செய்திருக்கலாம். "பொறுங்கள், நான் கேட்டது உங்கள் கவலையை இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உலகத்தில் எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒரு அறிவிப்பு வந்திருக்காது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதற்குள் பின்வரிசையில் தேவகி எழுந்து நின்றுவிட்டாள்.

தேவகியின் யோசனை

"எனக்கும் ஒரு யோசனை இருக்குது" என்றாள். வேனைப் பார்க்கவில்லை, முனுசாமியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துப் பேசினாள். "சொல்லலாமான்னு தெரியல. மைக்குல சொல்லச் சொன்னாங்க, அதான் சொல்றேன்."

"சொல்லும்மா" என்றார் முனுசாமி.

"திங்கக்கெழம அவரு பீன்யாவுல இருக்கணும். இல்லன்னா அந்த வேலை போயிடும். கொமாரு வண்டி செஞ்சி குடுத்தான். வண்டி வெளிய வரல. நாலு பேரு தூக்கினா வரும். தெனம் ரெண்டு வேளைக்கு நாலு பேர எங்க போயி தேடறது?"

"கால் செட் ஆகலன்னு சொன்னியே?"

"பொய்யிண்ணா" என்றாள். "ஆஸ்பத்திரில எங்களுக்காகப் பாயில்லாம படுத்துக் கெடந்த மனுசன். உங்க வேன எடுங்கன்னு எந்த வாயால நான் கேக்கட்டும்?"

எங்கோ ஒரு குக்கர் மட்டும் விசில் அடித்தது.

முனுசாமி துண்டை எடுத்து உதறித் திரும்பத் தோளில் போட்டார். "அட, இதானா? நான் அத்த எப்பவோ எடுத்திருப்பேன்மா! ஆனேக்கல்ல எம் மருமவன் பழைய இரும்பு யாவாரிய வெச்சிக்கினு தெனம் போன் பண்றான். ஸ்டெல்லா சாமானெல்லாம் இதுலதானே கெடக்குது? எடுத்துட்டா பாவம், அது எங்க போவும்னுதான் எனக்கு யோசனை."

ஸ்டெல்லா அக்கா எழுந்த வேகத்தில் பக்கத்தில் இருந்தவர் ஒதுங்கினார். "யோவ் மனுசா! உன் வேனு வேஸ்ட்டா கெடக்குதேன்னு நீ மன்சு ஒடஞ்சிடப் போறியேன்னுதான்யா நான் சாமான அதுல வெச்சேன்! குண்டான்ல டீசல் வாசன. இட்லிய மோந்து பாத்துட்டு கஸ்டமரு ஓடறான்!"

"அப்ப எடுத்துருக்கலாம் இல்ல?"

"நீதான் தெனம் சாயங்காலம் உள்ள குந்திக்கினு, பொண்டாட்டி செத்தவன் மாதிரி ரோட்டையே பாப்பியே! எப்டி எடுக்கறது?"

"நான் குந்தலன்னா, வண்டிய அனாதையா வுட்டுட்டான்னு நீங்கல்லாம் பேசுவீங்களேன்னு குந்தினேன்!" முனுசாமியும் குரலை உயர்த்தினார். "எனக்கு இடுப்பே போச்சு. அந்த சீட்டுல ஸ்பிரிங்கு குத்துது!"

இதைக் கேட்டதும், பாஷை புரியாவிட்டாலும், சுதேஷ்ணா இருக்கையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. மரியாதைக்காகச் சொல்லவில்லை.

"சண்டை போடுகிறார்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாம். இத்தனை வருடம் ஒருவருக்கொருவர் எவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டோம் என்று சண்டை."

பார்வையாளர் பங்கேற்பு

நான் குடியிருப்பது வேறு உலகம். அடுக்குமாடி. எங்கள் கட்டடத்தின் பெயரிலேயே "கம்யூனிட்டி" இருக்கிறது. அங்கே லிஃப்டில் நாய் ஏறலாமா என்று வாட்ஸ்அப்பில் ஒரு விவாதம் தொடங்கியது. துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவைக் கண்காணிக்க ஒரு குழு போட்டார்கள். இதற்கிடையில் அந்த நாய் வயதாகி இறந்தேபோயிற்று. விவாதம் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

ஸ்ரீராம்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கிவிட்டது.

நானும் சுதேஷ்ணாவும் போனோம். ஆய்வாளர் எதிலும் தலையிடக் கூடாது, தள்ளி நின்று கவனிக்க மட்டும் வேண்டும் என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் எனக்கு வகுப்பெடுத்தார். குமார் உளியும் சுத்தியலுமாகச் சக்கரங்களைச் சுற்றிச் சிமென்ட்டை உடைத்துக்கொண்டிருந்தான். ஏழுமலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரும் கேட்காத அறிவுரைகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். குண்டான்கள் இறங்கின. வடாம் இறங்கியது. இரண்டு கட்சிக் கொடிகளையும் ஒரே ஆள் சுருட்டி ஒரே பைக்குள் வைத்தார்.

நாலு சக்கரமும் விடுபட்டதும் ஆண்கள் எல்லோரும் பின்னால் கூடினார்கள். நான் தள்ளி நின்று கவனித்தேன்.

"சார்! அங்க நின்னுக்கினு இன்னா வேடிக்கை? இந்தப் பக்கம் ஆள் கம்மி!" ஸ்டெல்லா அக்காவின் குரல்.

"அம்மா, நாங்க ஆய்வுக்கு..."

"ஆய்வ வந்து இங்க தள்ளு!"

திரும்பிப் பார்த்தேன். சுதேஷ்ணா கைப்பையை ஒரு வாசல்படியில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். அவரே போனபின் நான் மட்டும் விஞ்ஞானத்தைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது? கை வைத்தேன். என் பங்களிப்பு பெரும்பாலும் முனகல்தான் என்றாலும், வேன் நகர்ந்தது. முதலில் ஒரு சாண். பிறகு ஒரு முழம். பிறகு, எங்கள் எல்லோரையும்விட வேகமாக, ரோட்டில் காத்திருந்த ஆனேக்கல் இரும்பு வியாபாரியின் லாரியை நோக்கி.

முனுசாமி மட்டும் கடைசி நிமிடத்தில் ஒரு தரம் ஓடிப்போய் ஏறி ஹாரனை அமுக்கிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. "கழுத" என்று செல்லமாக அதன் கன்னத்தில் தட்டிவிட்டு இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் சுதேஷ்ணாவிடம் என் சொல்லின் கதையை முழுசாகச் சொன்னேன். நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். பிறகு, "அடுத்த தெருவிலும் இதே தப்பைச் செய்துவிடுங்கள்" என்றார். அவருடைய அறிக்கையில் இது "மொழிபெயர்ப்பாளரின் உள்ளூர் நுண்ணறிவு" என்று இடம்பெற்றிருக்கிறது. மனைவியிடம் காட்டினேன். எந்த மொழிபெயர்ப்பாளர் என்று கேட்டாள்.

திங்கட்கிழமை

யாரும் அழைக்கவில்லை. இருந்தாலும் திங்கட்கிழமை காலை அங்கே போய் நின்றேன்.

பெங்களூரில் ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தால் விடிவதற்குள் அதில் ஒரு கார் முளைத்துவிடும். அது முனுசாமிக்குத் தெரியும். சந்தின் வாயில், சிமென்ட்டில் நாலு குழிகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வெள்ளைக் கார் தயங்கித் தயங்கி ஓரம் கட்டியது. "நம்ம பையன் ஒருத்தன் வேலைக்குப் போறான் சார். முன்ன போங்க, முன்ன போங்க" என்று கையை வீசி அனுப்பினார்.

உள்ளே ஸ்கூட்டர் உறுமும் சத்தம் கேட்டது. ஏழுமலை வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, ஊன்றுகோல் பக்கத்தில் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். அவனுக்கு வெட்கம். யாரையும் பார்க்காமல், பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஓட்டினான். பக்கச் சக்கரங்கள் குழியில் ஒரு தரம் விழுந்து எழுந்தன. அவ்வளவுதான். ரோட்டில் இறங்கி, ஒரு பஸ்ஸுக்கும் ஒரு லாரிக்கும் நடுவே புகுந்து, மறைந்துவிட்டான்.

அப்போதுதான் தேவகி ஓடி வந்தாள். கையில் டிபன் டப்பா.

"மறந்துட்டாரு!" என்றாள் மூச்சு வாங்க. "இங்க பாருங்கண்ணா, மறந்துட்டுப் போயிட்டாரு!"

"கொமார உட்டுப் புடிக்கச் சொல்லட்டா?" என்று எழுந்தார் முனுசாமி.

அவள் ரோட்டைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவன் கையில் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவள். அவன் மறக்க அவள் எப்போதும் இடம் வைத்ததில்லை.

"வேணாம்ணா. போவட்டும். அங்க கேன்டீன் இருக்குது."

டப்பாவை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அங்கேயே திறந்து, எலுமிச்சம்பழச் சாதத்தை மூடியில் கொஞ்சம் எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்களாச்சும் சாப்டுங்க சார்." முனுசாமிக்கும் கொடுத்தாள்.

வாயில் போட்டேன். முனுசாமியும் போட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

"பிரமாதம்" என்றார் முனுசாமி, கண்ணில் நீர் கோக்க.

ஸ்டெல்லா அக்கா தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு வந்து, கேட்காமலே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். ஓரமாகப் போய்த் துப்பினார்.

"இன்னாடி இது? உப்பு மூட்டைய அவுத்து அப்டியே கொட்டிட்டியா?"

தேவகி திகைத்தாள். தானும் கொஞ்சம் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். முகம் சுருங்கி, கண் மூடி, பிறகு தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் அழவும் செய்தாள். ஆனால் வெளியே வந்தது சிரிப்பு. சந்தின் மறுகோடி வரை கேட்கும் சிரிப்பு.

"அய்யோ!" என்றாள், டப்பாவை மூடிக்கொண்டே. "நல்லவேள, எடுத்துக்கினு போவல!"